ழானாவுக்கு லீவு

ரெபேக்காவுக்கு 'ழ' வராது. வராது என்பதைவிட, அதை வரவழைக்கும் அவசியம் அவளுக்கு ஏற்பட்டதே இல்லை என்பதுதான் சரி. புளியந்தோப்பில் எங்களுக்கு மழை 'மய', ஏழு 'ஏயு', அழுகிறவரைத் தேற்றினால் 'அய்வாத'. வாழைப்பழத்தை 'வாயப்பயம்' என்றால்தான் கடைக்காரருக்கே புரியும். வாத்தியார்கள் தலைகீழாக நின்று பார்த்துவிட்டு விட்டுவிட்டார்கள். நானும் அதே பேட்டைதான். பெயர் டைட்டஸ், ரெபேக்காவின் ராப்புக்கு பீட் போடுகிறவன். எனக்கு ழ வரும். தெருவில் சொன்னால் சிரிப்பார்கள் என்று சொல்வதில்லை.

எங்கள் முதல் ஆல்பத்துக்கு அவள் வைத்த பெயர் 'ழானாவுக்கு லீவு'. அதில் காதல் கிடையாது. காரும் கூலிங்கிளாசும் காட்டும் ராப்பும் கிடையாது. ஆடு அறுக்கும் ஆட்டுத்தொட்டியில் கத்தி தீட்டும் சத்தம், கூட்ஸ் வண்டி தண்டவாளம் மாறும் சத்தம், வெள்ளத் தண்ணீரை இறைக்கும் மோட்டார் இருமும் சத்தம், இவற்றை வெட்டி ஒட்டித்தான் நான் பீட் செய்திருந்தேன். அதன்மேல் அவள் பேசினாள். பாடவில்லை, பேசினாள். வாய் திறந்தால் எதுகையும் மோனையும் வரிசையில் வந்து நிற்கும் பெண் அவள். ஆல்பம் நன்றாக வந்திருந்தது. அடக்கமாகச் சொல்ல எனக்கு வரவில்லை.

அதை யார் காதிலும் சேரவிடாமல் நடுவில் நின்றது தெளிவி.

தெளிவியைத் தெரியாதவர்கள் இல்லை. இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். போன், ஹெட்போன், ஸ்பீக்கர், மைக் என்று மின்சாரத்தில் பேசும் எல்லாவற்றுக்குள்ளும் அது உட்கார்ந்திருக்கிறது. நீங்கள் பேசுவதை வாங்கி, கொச்சையைக் கழுவி, உங்கள் குரலிலேயே நல்ல தமிழாக வெளியே விடும். நேருக்கு நேர் பேசினால் அதற்கு வேலை இல்லை. இடையில் ஒரு கம்பியோ காற்றலையோ வந்துவிட்டால் போதும், 'இன்னாபா' என்பது 'என்னப்பா' ஆகிவிடும்.

வந்த புதிதில் எங்கள் பேட்டை அதைக் கொண்டாடியது. பொய் சொல்வானேன்? அதற்கு முன் எங்கள் பெண்கள் போனில் வாய் திறந்ததும் 'எந்த ஏரியாம்மா?' என்று கேட்டு வேலை இல்லை என்பார்கள். தெளிவி வந்தபின் தெருவுக்குப் பத்துப் பெண்கள் கால்சென்டருக்குப் போனார்கள். ஆரம்பத்தில் அது புளியந்தோப்பைப் 'புளிழந்தோப்பு' ஆக்கியது. வாயை மூடச் சொன்னால் வாழையை மூடச் சொன்னது. ஊரே சிரித்ததும் கம்பெனிக்காரர்கள் திருத்தினார்கள். எல்லாம் சரியாகிவிட்டது என்றுதான் நாங்களும் நினைத்தோம்.

ரெபேக்காவின் அக்கா சலோமி. போன வருஷத்துக்கு முந்தின வருஷ மழையில் நிறைமாதம். வீட்டுக்காரர் வேலைக்குப் போன இடத்தில் மாட்டிக்கொண்டார். ரெபேக்காவும் நானும் அரும்பாக்கத்தில் ஒரு கல்யாணத்தில் வாசிக்கப் போயிருந்தோம். வீட்டுக்குள் தண்ணீர் கட்டிலைத் தொட்டபோது சலோமியக்காவுக்கு வலி எடுத்துவிட்டது. வெள்ள உதவி எண்ணுக்கு போன் போட்டாள். யாரோ எடுத்தார்கள். அவள் வாயில் வேறு வார்த்தையே வரவில்லை. "பயமா கீது... பயமா கீது..." என்றாள், அவ்வளவுதான். லைன் துண்டிக்கப்பட்டது. படகு வந்தபோது பொழுது விடிந்திருந்தது. சலோமியக்கா பிழைத்தாள். குழந்தை பிழைக்கவில்லை.

புகார் கொடுத்தோம். விசாரணையில் அந்த உரையாடலைப் போட்டுக் காட்டினார்கள். சலோமியக்காவின் குரல்தான். ஆனால் அதில் அழுகை இல்லை, நடுக்கம் இல்லை. அதெல்லாம் இரைச்சல் என்று தெளிவி எடுத்துவிடுமாம். செய்தி வாசிப்பவர்போல அமைதியாக அந்தக் குரல் சொன்னது: "பழமாக இருக்கிறது. பழமாக இருக்கிறது." விளையாட்டு அழைப்பு என்று குறித்து வைத்திருந்தார்கள். அதைக் கேட்டு சலோமியக்கா முதலில் சிரித்தாள். அப்புறம் அவள் அழுத அழுகையை நான் எழுதப்போவதில்லை. அன்றிலிருந்து அவள் போனைத் தொடுவதில்லை.

அந்த இரண்டு வார்த்தைகளுக்காகத்தான் ரெபேக்கா ஆல்பமே செய்தாள். நடுவில் வரும் பாட்டின் பெயர் 'பயமா கீது'. ஊர் முழுக்க அந்தச் சொல்லை அக்கா சொன்னபடியே கேட்கவேண்டும். அவளுக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

தெளிவி கம்பெனியில் கலைப் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. அதன் அதிகாரி நிவேதினி எங்களைக் கூப்பிட்டனுப்பினார். நல்ல மனுஷி, காபி கொடுத்து, ஆல்பம் முழுவதையும் எங்கள் எதிரிலேயே கேட்டார். கேட்டுவிட்டுப் பெருமூச்சு விட்டார்.

"ரெபேக்கா, உங்க பேட்டைக் குரல்ல 'ய' வந்தா பெரும்பாலும் அது 'ழ'. அதனால சந்தேகம்னு வந்தா மெஷின் ழ பக்கம் சாயும். கணக்குதான், வேற ஒண்ணுமில்ல."

"அதுக்கு? பயம்னு ஒரு வார்த்த இல்லியா தமில்ல?"

"இருக்கு. ஆனா ஜனங்க பேச்சுல பயத்தவிட பழம் நாலு மடங்கு அதிகமா வருது. கடை, மார்க்கெட், பூஜை..."

"அப்போ எங்க பேட்டையில பயத்த விட பயம் ஜாஸ்தின்றீங்களா மேடம்?"

நிவேதினி திகைத்தார். இதில் எது பழம், எது பயம்? எங்களுக்குத் தெரியும். எதிரில் முகம் இருந்தால், குரலில் ஈரம் இருந்தால், யாருக்கும் தெரியும்.

"ஒரு வழி இருக்கு," என்றார் அவர். "பாட்டைத் தெளிவி தொடாது. பேச்சை மட்டும்தான் தொடும். ராகம் இருந்தா பாட்டு, இல்லேன்னா பேச்சு. கானா பாடுறவங்களுக்கு இந்தப் பிரச்சனையே இல்ல பாருங்க. ராப்தான் நடுவுல மாட்டிக்குது. அந்த ஒரு வரிக்கு மட்டும் ஒரு மெட்டுப் போட்டுடுங்க. அப்படியே வெளிய வரும். நானே முன்னால நின்னு விளம்பரம் பண்ணித் தரேன்."

நான் மனசுக்குள் மெட்டே போட ஆரம்பித்துவிட்டேன். ரெபேக்கா காபித் தம்ளரை மேஜையில் வைத்தாள்.

"எங்கக்கா அன்னிக்கு ராகம் போட்டா கூப்ட்டா?"

நிவேதினி ஏதோ சொல்ல வந்தார். ரெபேக்கா விடவில்லை.

"நான் இத்த மெட்டுல பாடிட்டேன்னு வைங்க. கேக்க ஷோக்கா இருக்கும். நாளிக்கு இன்னொருத்தி தண்ணில நின்னுகினு போன் போடுவா. அவ இன்னா, ஆலாபன பண்ணிட்டா வலி சொல்லுவா? நான் பேசத்தான் செய்வேன் மேடம். பேசறது பேச்சாவே போய் சேரணும்."

வெளியே வந்ததும் நான் அவளைத் திட்டினேன். ஊசி நுழைய இடம் கொடுத்தால் நூலைக் கோத்துக்கொள்ள வேண்டாமா என்றேன். "நீ தையக்கடை வெச்சிக்க," என்று சொல்லிவிட்டு ஷேர் ஆட்டோவில் ஏறிக்கொண்டாள்.

ஆல்பத்துக்கு முன்னோட்டமாக 'பயமா கீது' மட்டும் முதலில் வெளியானது. நாங்கள் பயந்தபடியேதான் நடந்தது. ஆனால் நாங்கள் எதிர்பார்க்காத விதத்தில் நடந்தது: பாட்டு ஹிட் ஆகிவிட்டது.

ஆம், பழப் பாட்டாக. பெயரில் இருந்த 'பய'த்தையும் எங்கள் பேட்டைப் 'பழம்' என்றே எடுத்துக்கொண்டார்கள். ஒரு பெண் படபடவென்று வெள்ளத்தைப் பற்றி ஏதோ பேசிவிட்டு, திடீரென்று "பழமாக இருக்கிறது, பழமாக இருக்கிறது" என்றால் யாருக்குத்தான் சிரிப்பு வராது? அடையாறில் பிள்ளைகள் அதற்கு ஆடினார்கள். காலேஜ் விழாக்களில் மாம்பழத்தை மைக்காகப் பிடித்துக்கொண்டு வாயசைத்தார்கள். ஒரு ஜூஸ் கம்பெனி விளம்பரத்துக்குக் கேட்டது. பாதிப்பேர் இதை ஆழமான நையாண்டி என்று எழுதினார்கள். எனக்கு வாழ்க்கையில் முதல்முறையாக ஆட்டோக்காரர்கள் வணக்கம் வைத்தார்கள். ஒரு வாரம் நான் தரையில் நடக்கவில்லை.

ரெபேக்கா ஒரு வாரம் வீட்டைவிட்டு வெளியே வரவில்லை. போய்ப் பார்த்தேன். தலைக்குமேல் போர்வையை இழுத்துப் போர்த்தியிருந்தாள்.

"எங்கக்கா வார்த்தய பயக்கடை ஆக்கிட்டாங்கோ டைட்டஸு," என்றாள் உள்ளிருந்து. "அன்னிக்கு போன எட்த்தவ ஒருத்தி வெளாட்டுன்னு நெனச்சா. இன்னிக்கு ஊரே சிரிக்குது. அதுக்கு நானே வய்யி பண்ணிக் குட்த்துட்டேன்."

சலோமியக்கா வாசலில் துணி பிழிந்துகொண்டிருந்தாள். தெருப்பிள்ளைகள் இரண்டு பேர் அந்த வரியைச் சொல்லிக் குதித்துக்கொண்டே அவளைத் தாண்டிப் போனார்கள். நான் அவர்களை அதட்டப் போனேன். ஆனால் அவள் அந்தப் பிள்ளைகளைப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டாள்.

"ரெபி எங்க வெச்சிகிறா வெளியீட்ட?"

"ஸ்கூல் கிரவுண்டுக்கா. ஞாயித்துக்கெயம சாய்ங்காலம். ஆனா அவ வரமாட்டேன்றா."

"வருவா. நான் இட்டாரேன்."

ஞாயிற்றுக்கிழமை வெயில் தாழும் முன்பே மைதானம் நிரம்பிவிட்டது. அடையாறு, தாம்பரம், வேளச்சேரி என்று எங்கெங்கிருந்தோ பிள்ளைகள் வந்திருந்தார்கள். பலர் கையில் வாழைப்பழம். சத்தியமாக. சீப்பு சீப்பாக வாங்கி வந்து ஆட்டிக்கொண்டிருந்தார்கள். எங்கள் ஜனம் மதில்மேலும் மொட்டைமாடிகளிலும் நின்று அந்த வேடிக்கையைப் பார்த்தது. முன்வரிசையில் நிவேதினி உட்கார்ந்திருந்தார். நேரலையில் இன்னும் எத்தனையோ பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

எனக்கு ஒரு பழக்கம் உண்டு. மேடையில் வலது காதில் மட்டும் மானிட்டர் மாட்டுவேன். இடது காது வெறுங்காது. வலதில் தெளிவி தருவதைக் கேட்பேன்; இடதில் ரெபேக்கா நிஜமாக என்ன சொல்கிறாள் என்று கேட்பேன். இரண்டும் ஒத்துப்போனதே இல்லை.

அவள் வந்தாள். மோட்டார் பீட்டைத் தட்டிவிட்டேன்.

"மயக்கு மின்ன வந்தான் ஓட்டு கேக்க,
மயக்கு பின்ன வந்தான் போட்டோ தூக்க,
மய நேரம் வந்தவன் யாரு சொல்லு,
முயங்கா தண்ணில எங்கக்கா நிக்க!"

இடது காதில் இது. வலது காதில் 'மழைக்கு முன்னர் வந்தார் வாக்குக் கேட்க... முழங்கால் நீரில் என் தமக்கை நிற்க'. எதுகை செத்துப் பிணமாகக் கிடந்தது. கூட்டத்துக்கு அதைப்பற்றிக் கவலையில்லை, அந்த வரிக்காகக் காத்திருந்தார்கள். வந்தது.

"பயமா கீது," என்றாள் ரெபேக்கா.

"பழமாக இருக்கிறது!" என்று ஸ்பீக்கர்கள் அதிர்ந்தன. வாழைப்பழங்கள் எல்லாம் வானத்தைப் பார்த்து எழுந்தன. சிரிப்பு.

ரெபேக்கா நின்றுவிட்டாள். பீட் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. நான் நிறுத்தப் போனேன்.

அப்போது மேடைக்குக் கீழே, மைக் இல்லாமல், ஒரு குரல் கேட்டது.

"பயமா கீதுடி, ரெபி."

சலோமியக்கா. எழுந்து நின்றிருந்தாள். கையை வயிற்றின்மேல் வைத்திருந்தாள். இரண்டாவது முறை கத்தினாள்: "பயமா கீது!"

ரெபேக்கா மைக்கைத் தரையில் வைத்தாள். என் பீட்டை நிறுத்தச் சொல்லிக் கை காட்டினாள். பிறகு அக்காவைப் பார்த்து, வெறும் தொண்டையில், திருப்பிச் சொன்னாள். மதில்மேல் இருந்த பெண்கள் சேர்ந்துகொண்டார்கள். அந்த மழையில் தண்ணீருக்குள் நின்றவர்கள் அத்தனை பேரும் அங்கே இருந்தார்கள். மொட்டைமாடிகள் சேர்ந்துகொண்டன. ஆட்டுத்தொட்டி ஆட்கள் சேர்ந்துகொண்டார்கள். பயமா கீது. பயமா கீது. வாழைப்பழங்கள் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கின. என் பக்கத்தில் நின்ற வெளியூர்ப் பையன் ஒருவன் பக்கத்திலிருந்தவளிடம் கேட்டான்: "ஏய், இவங்க பயம்னா சொல்றாங்க? இத்தனை நாளா பயம்னா சொன்னாங்க?"

கூட்டத்தின் சத்தத்தை நேரலைக்கு எடுக்க மேடை முனையில் மைக்குகள் வைத்திருந்தோம். வலது காதில் அவை கொண்டுவந்தது எனக்குக் கேட்டுக்கொண்டிருந்தது. பேட்டையே தொண்டை கிழியக் கத்த, தெளிவி பொறுமையாக அத்தனை பேரையும் திருத்திக்கொண்டிருந்தது: பழமாக இருக்கிறது, பழமாக இருக்கிறது. எனக்கு அந்த மானிட்டரைப் பிடுங்கி எறியலாம் போல இருந்தது.

எறியாமல் இருந்தது நல்லதாகப் போயிற்று. ஆயிரம் பேர் ஒரே வார்த்தையைத் திரும்பத் திரும்பச் சொன்னால் என்ன ஆகும் என்று கவனித்திருக்கிறீர்களா? கோயில் தேர் இழுக்கும்போதும் கட்சி ஊர்வலத்திலும் கேட்டிருப்பீர்கள். கோஷம் தானாக ஒரு சுருதியில் போய் நிற்கும். 'பய' என்பது மேலே போயிற்று. 'மா' அங்கேயே நீண்டது. 'கீது' கீழே இறங்கியது. யாரும் போடாத மெட்டு. அது வந்ததை முதலில் என் இடது காது கண்டுபிடித்தது.

ஒரு நொடி வலது காது தடுமாறியது. 'பழமாக' என்று ஆரம்பித்து, விக்கி, நின்றது. பிறகு, அழுகையோடும் நடுக்கத்தோடும் இரைச்சலோடும், கழுவாமல் துடைக்காமல், வந்தது.

பயமா கீது.

இரண்டு காதிலும் ஒன்றே. என் வாழ்க்கையில் முதல்முறை. மானிட்டரில் அது, நேரலையில் அது, ஊர் முழுவதும் ஹெட்போன்களில் அது. தெளிவி அதைப் பாட்டு என்று முடிவு செய்து கையைக் கட்டிக்கொண்டுவிட்டது. நான் கன்சோலுக்குப் பின்னால் நின்று, முப்பது வயதுக் கழுதை, தேம்பித் தேம்பி அழுதேன். மேடையில் ரெபேக்கா சிரித்துக்கொண்டிருந்தாள். சலோமியக்காவை யாரோ தூக்கி மேடையேற்றினார்கள்.

முடிந்ததும் நிவேதினி மேடைக்குப் பின்னால் வந்தார். கண்கள் சிவந்திருந்தன.

"கடைசில நான் சொன்ன மாதிரி ராகம் போட்டுட்டீங்களே," என்றார்.

"நான் எங்க போட்டேன்? அது தானா வந்துச்சி," என்றாள் ரெபேக்கா. "ஒருத்தி சொன்னா பேச்சு மேடம். ஊரே சொன்னா பாட்டு. ஆனா நாளிக்கு எங்கக்கா ஒருத்தியாத்தான் போன் பண்ணுவா. அதுக்கு வய்யி பண்ணுங்க."

நிவேதினி காதிலிருந்த கருவியைக் கழற்றிக் கைப்பையில் போட்டார். "பண்ணுதேன்," என்றார். அப்போதுதான் தெரிந்தது, அந்த அம்மா திருநெல்வேலிக்காரர்.

சொன்னதைச் செய்தார். செய்யாமலும் முடிந்திருக்காது, அந்தக் கோஷத்தைப் பதிவு செய்தவர்கள் எங்கே போட்டாலும் அது திருத்தப்படாமல் ஓடியது. பாட்டாயிற்றே! நாகப்பட்டினத்திலும் தர்மபுரியிலும் ஜனங்கள் தங்கள் ஊரில் மெஷின் மாற்றிய வார்த்தைகளைக் கூட்டம் கூடிப் பாடிப் போட்டார்கள். அடுத்த மழைக்காலம் தொடங்குமுன் அவசர எண்கள் எல்லாவற்றிலிருந்தும் தெளிவியை எடுத்துவிட்டார்கள். மற்ற கருவிகளில் 'உள்ளபடி' என்று ஒரு பொத்தான் வந்தது. அதை அழுத்தி முதலில் கேட்கப்பட்ட ஆல்பம் 'ழானாவுக்கு லீவு'. ஜூஸ் கம்பெனி மறுபடி பேச வந்தது. ரெபேக்கா அவர்களுக்கு ஜூஸ் கொடுத்து அனுப்பினாள்.

இதோடு முடித்திருப்பேன். ஆனால் ஆல்பத்தில் இன்னொரு துண்டு பின்னால் சேர்ந்தது, அது எப்படி வந்தது என்று சொல்லவேண்டும்.

ஒரு மத்தியானம் ஸ்டூடியோவுக்கு ஒரு பெண் வந்தாள். ஸ்டூடியோ என்றால் கறிக்கடைக்கு மேலே ஒரு அறை. சலோமியக்கா எங்களுக்குச் சோறு கொண்டுவந்திருந்தாள். வந்தவள் பெயர் ஜரீனா. உள்ளே வராமல் வாசலிலேயே நின்றாள்.

"யக்கா, நான் வெள்ள சென்டர்ல வேல செஞ்சேன். அன்னிக்கு உன் போன எட்த்தது நாந்தான்."

ரெபேக்கா எழுந்தாள். நான் அவள் கையைப் பிடித்தேன்.

"என் வூடு ரெண்டு தெரு தள்ளிதான்க்கா," என்றாள் ஜரீனா. "மிசின் கயுவாம உன் கொரல் கேட்டிருந்தா எனக்குத் தெரியாதா? நானும் பயத்த பயம்னுதான சொல்லுவேன். என் காதுல பயம்னு வர்ல. எவளோ பெரிய வூட்டுப் பொண்ணு வெளாடுறான்னு நெனச்சிட்டேன்க்கா."

சலோமியக்கா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். இத்தனை நாளும் அந்த லைனின் மறுமுனையில் ஏதோ மயிலாப்பூர் அம்மாவை உட்கார வைத்து அவள் சபித்துக்கொண்டிருந்தாள்; எங்களிடமே சொல்லியிருக்கிறாள். பட்டுப்போன்ற குரலாம், 'அம்மையீர், விளையாட வேண்டாம்' என்றதாம்.

"அன்னிக்கு நீ இன்னா சொன்ன?" என்று கேட்டாள். "மிசின் சொன்னது வோணாம். உன் வாயால இன்னா சொன்ன?"

"யக்கா, வெளாடாதக்கா, மய நேரம், எத்தினி பேரு லைன்ல கீறாங்கோ..."

"யக்கான்னா சொன்ன?"

"ஆமாக்கா."

முன்பின் தெரியாதவர்களை உறவு சொல்லிக் கூப்பிடுவது கொச்சை என்று தெளிவி அந்த வார்த்தையை எடுத்துவிட்டு 'அம்மையீர்' என்று போட்டிருந்தது. சலோமியக்கா சோற்றுப் பாத்திரத்தைக் கீழே வைத்தாள். பிறகு அந்தப் பெண்ணின் கையைப் பிடித்து உள்ளே இழுத்தாள். மைக்குக்கு எதிரில் அவளை உட்காரவைத்து, தானும் உட்கார்ந்தாள்.

"டைட்டஸு, ரெக்கார்டிங் போடு," என்றாள்.

பீட் எதுவும் சேர்க்கவில்லை. ஆல்பத்தின் கடைசித் துண்டு அதுதான். பொத்தானை 'உள்ளபடி'யில் வைத்துக் கேளுங்கள். முதலில் மூச்சு. அப்புறம் சலோமியக்கா.

"பயமா கீது."

"யக்கா, பயப்படாத. நான் கீறேன். எந்தத் தெரு, சொல்லு."